தை பிறக்கும்வரை காத்திராதீர்



சென்ற மாதம் இப்பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்றில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்களில் நெருக்கமாக எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் முப்பத்திரண்டு வயதுடைய இளந்தாய். அவருக்கு இரண்டு பிள்ளைகள். இளையவனுக்குப் பால் மறக்கடித்து ஆறு திங்கள் ஆகின்றன. கணவர் வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கிறார்.

பால் மறக்கடித்த சில நாள்களில், இடப்பக்க மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இவர் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. மாமியாரிடம் சொன்னார். "பால் கட்டியிருக்கும்" என்று சொல்லி, அவர் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினார். மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டார். பால் வற்றியது, கட்டி கரையவில்லை. இன்று அது நெல்லிக்காய் அளவு ஆகியிருக்கிறது. வலி இல்லை. வீட்டில் நாத்தனாருக்குத் திருமணம் நிச்சயமாகியுள்ளது. திருவருகைக் காலம் கழிந்து, ஓலை மூன்றும் வாசித்து, தை மாதத்தில் திருமணம். "தை பிறந்தால் வழி பிறக்கும், கல்யாணம் முடியட்டும், போய்க் காட்டலாம்" என்பது மாமியாரின் சொல்.

மடலின் கடைசித் தாளில் நான்கு கேள்விகள் இருந்தன. இந்த வயதிலும் அந்த நோய் வருமா? ஆண் மருத்துவரிடம் எவ்வாறு காட்டுவது? அந்த நோயாகவே இருந்தால் என் கதியும் பிள்ளைகளின் கதியும் என்ன? தொலைவில் இருக்கும் கணவரிடம் சொல்வதா, மறைப்பதா?

பெயரில்லா மடல்களுக்கு மறுமொழி எழுதுவது இப்பகுதியின் வழக்கமன்று. இம்முறை வழக்கத்தை மீறுகிறோம். இம்மடலை எழுதியவர் ஒருவர். எழுதாமல் இதே கேள்விகளை நெஞ்சில் சுமந்திருப்போர் நம் பங்குகளில் பலர் என்பதில் ஐயமில்லை.

இந்த வயதிலும் வருமா?

வரும், சகோதரி. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இன்று இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2022ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி, உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. நம் நாட்டில் மட்டும் அவ்வாறு கண்டறியப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 92 ஆயிரம் பேர். அவ்வாண்டில் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 98 ஆயிரம் பேர். வயது ஏறஏற இந்நோய் வரும் வாய்ப்பும் ஏறுகிறது என்பது உண்மையே. ஆயினும் மேலை நாட்டுப் பெண்களைவிட நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியில் பத்தாண்டு முன்னதாகவே இது தோன்றுகிறது. முப்பதுகளில் வரும் நோய் சிலருக்கு விரைந்து வளரும் வகையாகவும் இருப்பதுண்டு.

இதனைப் படித்து அஞ்சி நடுங்கவும் வேண்டாம். இளம்பெண்களின் மார்பில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. விரலுக்கடியில் நழுவி ஓடும் நார்க்கட்டி உண்டு, நீர்க்கட்டி உண்டு, பாலூட்டும் தாய்க்குப் பால் தேங்கி வரும் கட்டியும் உண்டு. உங்களுடையதும் இவற்றுள் ஒன்றாக இருக்கலாம். ஆனால் இது இன்னது என்று மாமியாரின் அனுபவம் சொல்லிவிட முடியாது. மருத்துவரின் விரல்கூடத் தனியே சொல்லிவிட முடியாது. பால் மறந்த பின்னும் சில வாரங்களில் கரையாத கட்டி எதுவாயினும் அது சோதிக்கப்பட வேண்டியதே.

"வலி இல்லையே" என்பது பலரை ஏமாற்றிய ஆறுதல். மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கட்டியைத் தவிர வேறு அடையாளங்களும் உள்ளன. தோல் உட்குழிதல், ஆரஞ்சுத் தோல் போலத் தடித்துப் புள்ளிபுள்ளியாதல், காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல், காம்பிலிருந்து குருதி கலந்த நீர் கசிதல், அக்குளில் நெறி கட்டுதல், ஆறாத சிவப்பு ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் நாள் கடத்தலாகாது.

"பாலூட்டிய தாய்க்கு இது வராது" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. பாலூட்டல் காப்பளிக்கிறது என்பது மெய். முப்பது நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கில், பன்னிரண்டு மாதப் பாலூட்டல் ஒவ்வொன்றுக்கும் இந்நோயின் வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைவது காணப்பட்டது. குறைகிறது; அற்றுப்போவதில்லை. ஆகவே பிள்ளைக்குப் பாலூட்டியதை நம்பிக் கட்டியைப் புறக்கணிக்கக் கூடாது.

இது யார் இட்ட சாபமும் அன்று. எவர் செய்த பாவத்தின் கூலியும் அன்று. தொட்டாலோ, ஒரே தட்டில் உண்டாலோ, பிள்ளையை மடியில் வைத்தாலோ ஒட்டுவதில்லை. நூறு பேரில் ஏறத்தாழ ஐந்து முதல் பத்துப் பேருக்கே இது பிறப்பில் வந்த மரபணுப் பழுதால் வருகிறது. 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் பிரித்தறியப்பட்ட பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணுக்கள் இவ்வகையில் முதன்மையானவை. தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இளவயதில் இந்நோய் வந்திருந்தால், அதை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும். மற்றவர்களுக்கு "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்பது ஒரு காப்பன்று.

கூச்சம் என்னும் தடை

இனி, உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறோம். மருத்துவமனைக்குச் சென்றால் மூன்று சோதனைகள் நடைபெறும். மருத்துவர் கையால் தொட்டு ஆராய்வார். அடுத்து ஸ்கேன் எடுப்பர். இளம்பெண்களின் மார்பகம் அடர்த்தி மிக்கதாதலின், மேமோகிராம் என்னும் எக்ஸ்ரே படத்தில் கட்டி மறைந்துபோகக் கூடும். எனவே அவர்களுக்குப் பெரும்பாலும் அல்ட்ரா சவுண்டு ஸ்கேனையே முதலில் எடுப்பர். ஐயம் எஞ்சினால் ஊசியால் சிறு துணுக்குச் சதை எடுத்துச் சோதிப்பர், அதுவே பயாப்சி. ஊசி பட்டால் நோய் பரவும் என்று ஊரார் சொல்வதை நம்ப வேண்டாம். உண்மையில் தீங்கு தருவது, சோதனை ஏதும் செய்யாமல் முதலிலேயே "எடுத்துவிடலாம்" என்று கட்டியை அறுத்தெடுப்பதே. அதனால் பின்வரும் சிகிச்சை குழம்பும். பயாப்சி முடிவு வருமுன் அறுவைக்கு இசையாதீர்.

பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம். ஆண் மருத்துவரே இருந்தால், செவிலியரோ உங்கள் வீட்டுப் பெண் ஒருவரோ உடன் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். அவ்வாறு கேட்பதில் தவறு ஏதும் இல்லை. நல்ல மருத்துவர் எவரும் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

தமிழ்நாட்டில் புற்றுநோய் மருத்துவத்திற்கு வித்திட்டவரே ஒரு பெண் மருத்துவர் என்பதை இங்கு நினைவூட்டுகிறோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரமே 1954ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளுடன் ஒரு மருத்துவமனையாக உருவெடுத்தது. மறு ஆண்டில் அங்கு வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021ஆம் ஆண்டு சனவரியில் இறக்கும்வரை அந்நோயாளிகளுக்காகவே வாழ்ந்தார். பெண்கள் தம் நோயை வாய்திறந்து சொல்ல இவ்விரு பெண்மணிகளும் எவ்வளவோ உழைத்திருக்கிறார்கள்.

நம் திருச்சபையும் இவ்வுறுப்பின் துன்பத்தைச் சொல்லக் கூசியதில்லை. மூன்றாம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் கத்தானியா நகரில் மறைசாட்சியாக உயிர் நீத்த புனித ஆகத்தாவின் மார்பகங்கள் அறுக்கப்பட்டன என்பது மரபு. பிப்ரவரி 5ஆம் நாள் அவருக்கு விழா. மார்பக நோயுற்றோருக்கு அவரே பாதுகாவலி. ஓவியர்கள் அவரைத் தம் மார்பகங்களைத் தட்டில் ஏந்தி நிற்பவராகவே வரைந்தனர். அப்படங்கள் ஆலயங்களில் வைக்கப்பட்டன. பீடத்தருகே வைக்கக் கூசாத ஒன்றை மருத்துவரிடம் சொல்ல நாம் ஏன் கூச வேண்டும்?

இளம்பெண் வாய்திறந்து சொல்வது இன்றியமையாதது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மும்பையில் 1998ஆம் ஆண்டு தொடங்கி, 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை இலட்சம் பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் அவர்களுள் ஒரு பாதியினரை ஈராண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தனர். 2021ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டோரிடம் அத்தகைய பயன் தெளிவாகத் தெரியவில்லை. இதனால் நாம் அறிவது யாதெனில், முகாம் வரும், யாரேனும் சோதித்துச் சொல்வர் என்று இளம்பெண் காத்திருக்க இயலாது. தன் உடலில் மாற்றம் காண்பவள் அவளே. அதைச் சொல்ல வேண்டியவளும் அவளே.

அந்த நோயாகவே இருந்தால்?

அப்போதும் வழி உண்டு. இந்நோய் என்றாலே மார்பை முழுதும் எடுத்துவிடுவர் என்னும் அச்சம் பலரை வீட்டிலேயே முடக்குகிறது. அந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1882ஆம் ஆண்டு முதல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் செய்துவந்த முறையில், மார்பகத்தோடு நெஞ்சின் தசைகளும் அக்குளின் நெறிகளும் எடுக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அம்முறையே கோலோச்சியது. பின்னர் இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும், கட்டி சிறிதாயிருக்கையில் அதையும் அதனைச் சூழ்ந்த பகுதியையும் மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு அளித்தால் போதுமா என்று ஆராய்ந்தனர். இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் இருவரும் வெளியிட்ட முடிவு ஒன்றே: மார்பகத்தைக் காத்தவர்களும் முழுதும் எடுக்கப்பட்டவர்களும் வாழ்ந்த காலத்தில் வேறுபாடு இல்லை.

"கட்டி சிறிதாயிருக்கையில்" என்னும் சொற்களை மீண்டும் ஒருமுறை படியுங்கள், சகோதரி. புளியங்கொட்டை நெல்லிக்காயாகும் இடைக்காலத்தில் நாம் இழப்பது இவ்வாய்ப்புகளைத்தான். முழுதும் எடுக்க நேர்ந்தாலும் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. மார்பை மறுபடி அமைக்கும் அறுவையும் உண்டு. உள்ளாடையில் வைக்கும் செயற்கை மார்பும் உண்டு.

அறுவைக்கு முன்னரோ பின்னரோ பலருக்குக் கீமோதெரபி என்னும் மருந்தேற்றம் நடைபெறும். பல மருந்துகளுக்கு, முதல் ஊசியிலிருந்து இரண்டு மூன்று வாரங்களில் தலைமுடி உதிரும். எல்லாம் முடிந்த சில மாதங்களில் மீண்டும் முளைக்கும். குமட்டல், வாய்ப்புண், சோர்வு ஆகியன வரும். அவற்றுக்கு மாற்று மருந்துகள் உள்ளன. வீட்டார் மறவாது நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மருந்தேறும் காலத்தில் காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால், கஷாயம் வைத்துக் காலைவரை காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அக்காலத்தில் உடலில் எதிர்ப்பாற்றல் குன்றியிருக்கும். மருந்தேறும் உடம்புக்குப் பத்தியமும் ஆகாது. முட்டை, மீன், பருப்பு, பால் என ஊட்டமான உணவு நன்கு வெந்ததாக வேண்டும்.

நோயின் வகைக்கேற்ப மருந்தும் வேறுபடும். சிலருக்கு ஐந்தாண்டோ அதற்கு மேலோ நாள்தோறும் ஒரு மாத்திரை. சிலருக்கு 1998ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ள டிராஸ்டுசுமாப் என்னும் ஊசி மருந்து. மாத்திரையை நலமாகிவிட்டோம் என்று இடையில் நிறுத்தலாகாது. செலவை எண்ணி மலைப்போருக்குச் சொல்கிறோம்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன, தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

"இனிப் பிள்ளை பெற முடியுமா?" என்பது இளம்பெண்கள் கேட்கத் தயங்கும் கேள்வி. சில மருந்துகள் கருப்பையைச் சார்ந்த சூலகத்தைத் தாக்கும். ஆதலால் இக்கேள்வியை மருந்தேற்றம் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். பின்னர்க் கேட்டுப் பயன் குறைவு. 42 வயதுக்கு உட்பட்ட ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள், ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டு மாத்திரை உட்கொண்டபின், மருத்துவர் கண்காணிப்பில் அதை இடைநிறுத்திக் கருத்தரிக்க முயன்ற ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 64 பேர் குழந்தை பெற்றனர். மூன்றாண்டுக் கணக்கில், இடைநிறுத்தாதவர்களைவிட அவர்களுக்கு நோய் மிகுதியாகத் திரும்பவில்லை. நீண்ட காலக் கணக்கு இன்னும் தேவை. எனினும், முன்பு "எண்ணவே வேண்டாம்" எனப்பட்ட ஒன்றை இன்று மருத்துவரோடு அமர்ந்து எண்ணிப் பார்க்கலாம் என்னும் நிலை வந்திருக்கிறது.

கணவரிடம் சொல்வதா?

இன்றிரவே சொல்லுங்கள். "தொலைவில் இருப்பவர் கலங்குவாரே" என்று மறைப்பது அன்பினால் செய்வதே. ஆயினும் நாளை மற்றவர் வாய்வழி அவர் அறியும்போது, கலக்கத்தோடு தாம் ஒதுக்கப்பட்டோம் என்னும் வருத்தமும் சேரும். திருமண நாளில் பீடத்தின்முன் அவர் கொடுத்த வாக்கில் உங்கள் நோயும் அடங்கும். அதை நிறைவேற்றும் வாய்ப்பை அவருக்கு மறுக்காதீர்.

கணவன்மார்க்கும் ஒரு சொல். மனைவியின் தலைமுடி உதிரும் நாளில், வடுவைக் காணும் நாளில், உங்கள் முகத்தையே அவள் பார்ப்பாள். ஒருத்தியை நாம் அறிவோம். இருபத்தொன்பது வயதில் அறுவை முடிந்து வீடு திரும்பிய பள்ளி ஆசிரியை. பல நாள் கதவைத் தாழிட்டே உடை மாற்றினார். ஒருநாள் கணவர், "கட்டுப் பிரித்த இடத்துக்கு மருந்து நான் போடுகிறேன்" என்று மட்டும் சொன்னாராம். "அன்றுதான் நான் வீட்டுக்கு வந்தேன்" என்கிறார் அவர். இன்று பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. அதே பள்ளியில் பாடம் நடத்துகிறார். கை வீங்காதிருக்கக் கற்றுத்தந்த பயிற்சிகளை இன்றும் விடாது செய்கிறார். ஆண்டுச் சோதனைக்கு முன்னிரவில் இன்றும் உறக்கம் வருவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். குணமடைவது என்பதில் இதுவும் அடங்கும். வீட்டார் இதைப் பொறுமையின்மை என்று கருதலாகாது.

நோயுற்றவரைக் காண வரும் உற்றார்க்கு ஒரு வேண்டுகோள். இறந்துபோனவர்களின் கதைகளைக் கட்டிலருகே சொல்லாதீர். "அவள் தங்கையை யார் கட்டுவார்?" என்று முற்றத்தில் நின்று பேசாதீர். ஒருவேளைச் சமையலை ஏற்றுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். கதிர்வீச்சுக்கு நாள்தோறும் செல்ல வேண்டியவளுக்குப் பேருந்தில் துணை செல்லுங்கள்.

சகோதரி, இனி உங்களுக்கு. காத்திருந்த ஒருத்தியையும் நாம் அறிவோம். அவரும் வீட்டில் ஒரு திருமணம் முடியட்டும் என்றே இருந்தார். திருமணம் சிறப்பாக நடந்தது. எட்டுத் திங்கள் கழித்து மருத்துவரிடம் சென்றபோது நோய் எலும்பு வரை சென்றிருந்தது. சிகிச்சை அவருக்கு நான்கு ஆண்டுகளைத் தந்தது. இளைய மகளின் புதுநன்மைக்கு அவர் இல்லை. அச்சுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் மடலில் "தை" என்னும் சொல்லைப் படித்தபோது அவர் முகமே எம் கண்முன் நின்றது.

உங்கள் மாமியார் அன்பில்லாதவர் அல்லர். பூவைக் கட்டியதும் மஞ்சள் அரைத்ததும் அவர் கைகளே. "அத்தை, கட்டி கரையவில்லை, வளர்ந்திருக்கிறது. நீங்களும் உடன் வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அவரைத் துணைக்கு அழைப்பது அவரோடு வழக்காடுவதினும் எளிது. வீட்டில் முதல் ஓலை வாசிக்கும் நாளைக் குறித்திருப்பீர்கள். அதற்கு முன், இவ்வாரத்திலேயே, மருத்துவரிடம் செல்லும் நாளையும் குறியுங்கள். வெறும் பால்கட்டி என்றால் நிம்மதியாக நாத்தனாருக்குப் பூச்சூட்டலாம். வேறாக இருந்தால், தை வருமுன்னரே சிகிச்சை தொடங்கியிருக்கும்.

எமக்கு மறுமடல் எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். "போய்க் காட்டினேன்" என்று ஓர் அஞ்சலட்டையில் ஒரு வரி போதும். அதை எதிர்நோக்கியிருப்போம்.